பல்லவர் காலத்துப் பூனை

ஆவணி மாதத்தில் ஒரு நாள், நல்ல வெயில் நேரத்தில், காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையம் தறிக்காரர் குமாரசாமி ஓர் உலக மகா முடிவு எடுத்தார். அழிந்துகொண்டிருக்கும் ஒரு பழம்பெரும் பூனை வம்சத்தை அவர் காப்பாற்றப் போகிறார்.

நல்ல வெயில் நேரத்தில் ஒரு தறிக்காரர் எங்கே இருக்க வேண்டும்? தறிக்குழியில். குமாரசாமி எங்கே இருந்தார்? தேவேந்திரன் டீக்கடையில். அவர் முடிவு என்று எதை எடுத்தாலும் அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் எடுப்பார். மொட்டை மாடியில் மூலிகைத் தோட்டம் போடுவது அங்கே எடுத்த முடிவு. தேனீ வளர்ப்பதும் அங்கே எடுத்த முடிவுதான். தேனீ விஷயத்தில் எதிர்வீட்டுக்காரர் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அவர் மனைவி மங்கையர்க்கரசிக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு கவலை. தறியில் நீளவாக்கில் ஏற்றிய பாவு நூல் எப்போது நெய்து இறங்கும்? ஒரு பாவுக்கு மூன்று சேலை. முதல் சேலையே பாதியில் நின்றது. உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து கோக்கும் கோர்வைக் கரை போட்ட பட்டுச்சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒரு பக்கத்துக் கரைக்கு ஊடுநூல் நாடா தள்ள அவள் தினமும் வந்து உட்கார்ந்துவிடுவாள். நடுவில் உட்கார வேண்டிய மனிதர்தான் ஊர்கோலம் போயிருப்பார். தறியில் உட்கார்ந்துவிட்டால் குமாரசாமி கைக்கு நிகர் அந்தத் தெருவில் யாரும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். உட்கார வைப்பதுதான் பாடு.

பூனை எப்படி உள்ளே வந்தது என்று கேட்கிறீர்களா? தேவேந்திரன் போனில் ஒரு வீடியோ வந்தது. ஏதோ ஒரு தேசத்தில் ராஜா காலத்துப் பூனைச் சாதி ஒன்று கிட்டத்தட்டப் பூண்டற்றுப் போச்சாம். நாலு பேர் சேர்ந்து தெருத்தெருவாக அலைந்து, மிச்சம் மீதி இருந்ததை மீட்டு, ஜோடி சேர்த்து, குட்டி எடுத்து வம்சத்தை நிமிர்த்திவிட்டார்களாம். குமாரசாமி டீயை ஆறவிட்டுவிட்டார்.

"தேவேந்திரா, நம்ம ஊரு எவ்ளோ பழைய ஊரு?"

"அது இருக்கும்பா."

"ராஜாங்க இருந்தாங்க. அரமனை இருந்துச்சு. அரமனைன்னா எலி இருந்திருக்கும். எலி இருந்தா பூனை இருந்திருக்கும். அந்தப் பூனைங்களோட பேரப்புள்ளைங்க இப்ப எங்க?"

தேவேந்திரன் யோசித்தார். இதுவரை யாரும் அவரை இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

கேள்வி நல்ல கேள்விதான். அது மூளையில் ஏறிவிட்டால் இறங்காது. மறுநாளே குமாரசாமி ஊருக்கு வெளியே ஒரு பாழடைந்த மண்டபத்தில் தூண் தூணாகத் தடவிப் பார்த்தார். ஒரு தூணின் அடியில் ஒரு சின்ன மிருகம் செதுக்கியிருந்தது. சிங்கக்குட்டி என்றால் சிங்கக்குட்டி, அணில் என்றால் அணில். குமாரசாமிக்கு அது பூனை. அதன் இடது காது நுனி மட்டும் நேர்க்கோடாக வெட்டினாற்போல் இருந்தது. கல் உடைந்திருக்கலாம் என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். நமக்கெல்லாம் ஆராய்ச்சி மனசு கிடையாது.

அந்த நினைப்போடு வீட்டுக்கு வந்தால், கொல்லைச் சுவர் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பெண் பூனை. நெற்றியில் மூன்று பட்டை. இடது காது நுனி நேர்க்கோடாக வெட்டினாற்போல்! குமாரசாமிக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"மங்கா! நம்ம செவுத்து மேல இன்னா உக்காந்துக்கினு இருக்குது, தெரியுமா?"

"பூனை."

"பூனைன்னா பூனையா? பல்லவர் காலத்துப் பூனை!"

"அவ்ளோ வயசான மாதிரி தெரியலியேங்க."

"வெளையாடாத! அந்தக் காதப் பாரு. பொறவியிலயே அப்படி. கரை அறுத்த மாதிரி எவ்ளோ நேரா இருக்குது பாரு. கல்லுல இருக்குது இதே காது, நான் கண்ணால பாத்துட்டு வரேன். உலகத்துல இதான் கடைசியோ இன்னாவோ!"

மங்கையர்க்கரசி என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். அப்புறம் ஆள் இல்லாத தறியைப் பார்த்தாள். மறுபடி புருஷனைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"அப்படின்னா இது சாமானியமான பூனை இல்லீங்க," என்றாள்.

குமாரசாமி இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக வந்தவர், சண்டை கிடைக்காமல் தடுமாறிப் போனார்.

"வெளிய விட்டு வெக்கலாமா?" என்றாள் அவளே. "தெருவுல கண்ட கடுவன் பூனையும் சுத்திக்கினு இருக்குது. வம்சம் கலந்துடாது?"

"ஐயையோ, ஆமா!"

"எப்பவும் ஆள் காவல் இருக்கணும். ஆனா நீங்க எப்படி இருப்பீங்க? டீக்கடையில உங்களுக்கு எவ்ளோ ஜோலி."

"டீக்கடை கெடக்குது கழுத! நான் இருக்கிறேன்."

"சும்மா உக்காந்துக்கினு அதையே உத்துப் பாத்தா அது மெரண்டுக்கும். கையி பாட்டுக்கு ஒரு வேல செஞ்சிக்கினு இருக்கணும்."

என்ன வேலை என்று குமாரசாமி கேட்கவில்லை. பூனை தறிக்கூடத்தில் சோறு வைத்த தட்டை நோக்கி ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. பின்னாலேயே அவரும் போய்க் குழியில் இறங்கிவிட்டார்.

பூனைக்குப் பல்லவி என்று பேர் வைத்தார். அன்றிலிருந்து அவர் வாழ்க்கை மாறிப்போயிற்று. இத்தனை வருஷமாக ஊரையெல்லாம் பார்த்தவர், ஒரு பூனையை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. நாடா இந்தப் பக்கம் ஓடினால் பல்லவியின் தலை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் ஓடினால் அந்தப் பக்கம். காலையில் உருண்டையாக இருக்கும் கண்மணி உச்சிப்பொழுதில் ஊசிக்கோடாகிவிடுகிறது. 'மியாவ்' என்று கத்துவதே கிடையாது. 'ம்ர்ர்க்' என்று தொண்டையில் ஒரு கேள்வி கேட்கிறது. பதில் சொன்னால் அடுத்த கேள்வி. உடம்பின் சாம்பல் நிறம் வாலில் எந்த இடத்தில் கருப்பாக மாறுகிறது என்று ஒரு மத்தியானம் முழுக்கத் தேடினார். கோர்வை சேர்ந்த இடம் அகப்படவே இல்லை.

"எவன் நெய்ஞ்சான் இத!" என்று உருகிப்போனார்.

ஒரு வேளை அவர் டீக்கடைப் பக்கம் தலை திருப்பினால், மங்கையர்க்கரசி கொல்லையிலிருந்து குரல் கொடுப்பாள். "ஏங்க, செவுத்து மேல ஒரு செவலைக் கடுவன் எட்டிப் பாக்குது!" அவ்வளவுதான், குமாரசாமி திரும்ப உட்கார்ந்துவிடுவார். இப்படியே முதல் சேலையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்தார்கள்.

அடுத்த கவலை மாப்பிள்ளை. அதே இடது காதோடு ஒரு கடுவன் வேண்டும். இல்லாவிட்டால் வம்சம் பல்லவியோடு போயிற்று. குமாரசாமிக்குச் சோறு இறங்கவில்லை. மங்கையர்க்கரசிதான் தகவல் கொண்டுவந்தாள்.

"சின்ன காஞ்சிபுரத்துல அப்பளம் போடுறாளே கிருஷ்ணவேணி, என் சிநேகிதி, அவ வீட்டுல ஒரு கடுவன் இருக்குது. அதுக்கும் இதே காதுதான்."

குமாரசாமி எழுந்து நின்றார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கிளம்பியவரைத் தெருமுனையில் கூப்பிட்டுச் சரி செய்ய வேண்டியிருந்தது.

போய்ப் பார்த்தால் அச்சு அசல் அதே காது! ஆனால் நெற்றியைப் பார்த்ததும் குமாரசாமிக்குச் சுருக்கென்றது. பல்லவிக்குக் கோடு குறுக்கே. இந்தக் கடுவனுக்குக் கோடு மேலிருந்து கீழே.

கிருஷ்ணவேணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள். "அண்ணா, எங்க பையனுக்கு நாமம். உங்க பொண்ணுக்குப் பட்டைன்னு மங்கா அக்கா சொல்லிச்சு. நாளைக்குப் பொறக்குற புள்ளைங்க எந்தக் கோயிலுக்குப் போவுங்க? அத மொதல்ல பேசிக்கணும்."

"பூனைம்மா அது!"

"பூனைன்னா கொறைச்சலா? ராஜ வம்சம்னு நீங்கதான சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. கடைசியில் இரண்டு வீட்டாரும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். பிறக்கும் குட்டியின் நெற்றியில் பட்டை இருந்தால் பிள்ளையார்பாளையம், நாமம் இருந்தால் சின்ன காஞ்சிபுரம். தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, வாழைப்பழம் வைத்து மாற்றிக்கொண்டார்கள். குமாரசாமி மாப்பிள்ளைக்கு நந்திவர்மன் என்று பேர் வைத்துக் கூடையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

நந்திவர்மன் வந்தது, சாப்பிட்டது, பல்லவிக்கு முதுகைக் காட்டிப் படுத்துத் தூங்கியது. பல்லவியும் அதற்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது. ஒரு வாரம் ஆயிற்று, பத்து நாள் ஆயிற்று, அதே முதுகுதான்.

"கவுரவமான வம்சம்," என்றார் குமாரசாமி. "நாலு பேரு பாக்க எதுவும் வெச்சிக்காது. நம்மள மாதிரியா?"

"நம்மள மாதிரியேதாங்க இருக்குது," என்றாள் மங்கையர்க்கரசி.

இருந்தாலும் கடவுள் கண்ணைத் திறந்தார். ஐப்பசி வாக்கில் பல்லவிக்கு வயிறு பெருத்தது. பாலும் சோறும் தின்று தறியடியில் உட்கார்ந்தே கிடந்தால் யாருக்கும் பெருக்கும், ஆனால் குமாரசாமிக்கு அது தோன்றவில்லை. மாப்பிள்ளையைத் திரும்பக் கொண்டுபோய்விட்டு, தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

மங்கையர்க்கரசி முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லை. "மசக்கைக்காரிக்கு வாய்க்கு ருசியா குடுக்கணுங்க. நம்ம பொண்ணு காயத்ரிய நான் வயித்துல வெச்சிக்கினு இருந்தப்ப வஞ்சிர மீன் கொழம்புக்கு ஏங்கனேன். நீங்க இன்னா பண்ணீங்க?"

"எலெக்‌ஷன் வேலைக்குப் போயிட்டேன்."

"அந்தப் பாவம் தொலையட்டும். போயி மீன் வாங்கியாங்க."

மீன் வந்தது. தலை பல்லவிக்கு, மீதி மங்கையர்க்கரசிக்கு. அடுத்த வாரம் மசக்கைக்கு அல்வா கேட்டது. எந்தப் பூனை அல்வா கேட்கும் என்று குமாரசாமி தயங்கினார். "பல்லவர் காலத்துல அரமனையில கருவாடா போட்டிருப்பாங்க?" என்றாள் அவள். வாங்கி வந்தார். வளைகாப்பு கூட நடந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து எலுமிச்சஞ்சோறு, புளிச்சோறு, தயிர்ச்சோறு எல்லாம் சாப்பிட்டார்கள். கண்ணாடி வளையலைப் பல்லவி போட்டுக்கொள்ள மறுத்துவிட்டதால், அதன் சார்பாக இரண்டு கை நிறைய மங்கையர்க்கரசியே போட்டுக்கொண்டாள். அந்த வளையல் குலுங்கக் குலுங்க அவள் கரை நாடா தள்ள, இரண்டாவது சேலையும் இறங்கியது.

கார்த்திகை போயிற்று. மார்கழியும் வந்தது. குட்டியை மட்டும் காணோம்.

"ராஜ வம்சங்க. ஆற அமரத்தான் பெக்கும்," என்றாள் மங்கையர்க்கரசி.

குமாரசாமிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. நிஜமான பயம். குட்டி உள்ளேயே செத்துப்போயிருந்தால்? பல்லவிக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வம்சம் எக்கேடு கெட்டாலும் போகட்டும், இது பிழைத்தால் போதும் என்று நினைக்கும் அளவுக்கு அந்தப் பூனை மேல் அவருக்குப் பிரியம் வந்திருந்தது. மனைவிக்குச் சொல்லாமல் கூடையில் வைத்து, மாட்டு டாக்டர் ஜெபகுமாரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். காதைப் பார்த்தார். சிரித்தார்.

"ஐயா, இது குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆன பூனை. குட்டியே போடாது."

"யாரு சொன்னது?"

"காது சொல்லுதே. ஆபரேஷன் பண்ணும்போது மயக்கத்துல நாங்கதான் நுனிய வெட்டி வுடுவோம். ஒருக்கா ஆனத மறுக்கா புடிச்சிக்கினு வந்து அறுத்துடக் கூடாதில்ல, அந்த அடையாளத்துக்கு."

"எல்லாப் பூனைக்குமா?"

"ஆபரேஷன் ஆன எல்லாத்துக்கும்."

"அப்ப வயித்துல?"

"கொழுப்பு," என்றார் டாக்டர். தன்னைத்தான் சொல்கிறாரோ என்று குமாரசாமி ஒரு நிமிஷம் முழித்தார்.

"பழைய வம்சம்னு நெனச்சேன் சார்."

"எல்லாப் பூனையும் பழைய வம்சந்தான். இதோட முப்பாட்டி அரமனையில இருந்துச்சா, அரிசி மண்டியில இருந்துச்சான்னு யாரு கண்டா?"

திரும்பி நடந்தபோது குமாரசாமிக்கு அழுகை முட்டியது. குட்டியே போடாத பூனைகளாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, வம்சம் வளர்க்கப் பாடுபட்ட மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். மானம் போயிற்று. புளிச்சோறு சாப்பிட்ட தெரு சும்மா விடுமா? எல்லாவற்றுக்கும் மேலே மங்கா! தேனீக்கே இன்றுவரை பேச்சு வாங்குகிறார். இது தெரிந்தால் ஆயுசுக்கும் தலை நிமிர முடியாது. தெரியவே கூடாது.

யோசித்தார். வாலாஜாபாத்தில் அவர் பழைய கூட்டாளி ஜான்சன், ரைஸ்மில்லில் வேலை. போன் போட்டார்.

"குட்டிங்களா? ரெண்டு இருக்குதுபா," என்றார் ஜான்சன். "தாயி லாரியில அடிபட்டுப் போச்சு. தவுட்டு மூட்டைக்கு நடுவுல கத்திக்கினு கெடக்குதுங்க. புண்ணியமாப் போவும், எடுத்துக்கினு போ."

வெள்ளிக்கிழமை மங்கையர்க்கரசி காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போன நேரம். சேலை அட்டைப் பெட்டியில் வந்து இறங்கின இரண்டு குட்டிகள். ஒன்று கன்னங்கருப்பு, இன்னொன்று மஞ்சள். பல்லவி சீறும், கடிக்கும் என்று பயந்துகொண்டே கிட்டத்தில் விட்டார். பல்லவி மோந்து பார்த்தது. 'ம்ர்ர்க்' என்று ஒரு கேள்வி கேட்டது. அப்புறம் கருப்புக் குட்டியைக் காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையிலிருந்து வால்வரை நக்க ஆரம்பித்துவிட்டது. குமாரசாமிக்கு ஒரு கணம் பொய், புரட்டு எல்லாம் மறந்துபோய் நெஞ்சு நிறைந்துவிட்டது.

மங்கையர்க்கரசி குங்குமத்தோடு வந்தாள். கூடவே கிருஷ்ணவேணியும் வந்தாள். கோயிலில் பார்த்துக்கொண்டார்களாம்.

"மங்கா! பெத்துட்டா! ரெண்டு!" என்று குமாரசாமி வாசலிலேயே கத்தினார்.

இரண்டு பெண்களும் குனிந்து பார்த்தார்கள்.

"இப்பவா பொறந்துச்சு?" என்றாள் மங்கையர்க்கரசி.

"இப்பதான். நீ அந்தப் பக்கம் போன, இந்தப் பக்கம் பொறந்துச்சு."

"கண்ணு தொறந்திருக்குது?"

"பல்லவர் வம்சம். சீக்கிரம் தொறந்துடும்."

மஞ்சள் குட்டி எழுந்து ஓடிப்போய் அவள் முந்தானையைக் கடித்தது.

"பல்லு கூட மொளைச்சிருக்குது."

"வயித்துல நாளாச்சு இல்ல? உள்ளயே மொளைச்சிருக்கும்."

கிருஷ்ணவேணி இரண்டின் நெற்றியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பட்டையும் இல்ல, நாமமும் இல்ல. இன்னாக்கா இது, நெத்தி காலியா இருக்குது?"

"ஆபரேஷன் ஆன ரெண்டுக்குப் பொறந்தா அப்படித்தாண்டி இருக்கும்," என்றாள் மங்கையர்க்கரசி.

குமாரசாமிக்குக் காது அடைத்தது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? கேம்புக்குக் கூட்டிக்கினு போனதே நாங்க ரெண்டு பேருந்தான். ஒரே ஆட்டோ. இவ மடியில கடுவன், என் மடியில உங்க பல்லவி. பாவு மேல ஏறி நூலு நூலா அறுத்துச்சு, வருஷம் தவறாம குட்டி வேற. நீங்க அப்ப தேனீ வளத்துக்கினு இருந்தீங்க."

கிருஷ்ணவேணி அதற்கு மேல் அடக்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

குமாரசாமி தறி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப வம்சம் அவ்ளோதானா?" என்றார். அந்தக் குரலில் நிஜமான துக்கம் இருந்தது. மங்கையர்க்கரசிக்கே கொஞ்சம் மனசு இளகிவிட்டது.

"யாரு சொன்னது? ஆபரேஷனுக்கு முந்தி அது போட்ட குட்டிங்க ஒண்ணையும் நான் தெருவுல வுடல. ஊட்டி வளத்து, நல்ல எடமாப் பாத்துக் குடுத்தேன். திருப்புட்குழிக்கு ஒண்ணு. தேவேந்திரன் டீக்கடையில பால் பாத்திரத்துக்கிட்டப் படுத்துக்கினு இருக்குதே, அது ஒண்ணு. தெனமும் அதுக்கு பிஸ்கெட்டு போட்டீங்களே. வாலாஜாபாத் ரைஸ்மில்லுக்கு எலி புடிக்க ஒண்ணு வேணும்னு ஜான்சன் அண்ணன் வந்து கேட்டாரு. ஒரு கருப்புப் பொட்டைய அவருக்குக் குடுத்தேன். அதுதான் லாரியில அடிபட்டுப் போச்சுன்னு எனக்கும் போன் பண்ணாரு."

குமாரசாமி தலையைத் தூக்கினார். பல்லவியைப் பார்த்தார். அது நக்கிக்கொண்டிருந்த கருப்புக் குட்டியைப் பார்த்தார்.

"அப்ப இதுங்க பல்லவியோட..."

"பேரப்புள்ளைங்க."

அவருக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அவர் டீக்கடையில் முடிவு எடுப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்பே, இந்த வீட்டில் ஒருத்தி மீட்பு, வளர்ப்பு எல்லாம் சத்தமில்லாமல் முடித்துவிட்டிருக்கிறாள்.

"மொதல் நாளே சொல்லியிருந்தா இன்னாடி? இத்தினி மாசம் என்னை இப்படி உக்கார வெச்சிட்டியே!"

தறியில் மூன்றாவது சேலையின் முந்தானை முடியும் நிலையில் இருந்தது. மங்கையர்க்கரசி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, மஞ்சள் குட்டியை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"தாயில்லாக் குட்டிங்க, நேரத்துக்குப் பால் பொகட்டணுங்க. புதுப் பாவு பிணைக்க நாளைக்குக் காலையில ஆளு வருது, அந்தண்ட இந்தண்ட போயிடாதீங்க."